ஷேக்கர் ஹைட்ஸ்: கொல்லைப்புறத்தையும் பாருங்கள்

கிளீவ்லாந்துக்குப் போகிறவர்கள் ராக் அண்ட் ரோல் அருங்காட்சியகத்தையும் ஈரி ஏரியையும் பார்த்ததோடு திரும்பிவிடுவது வழக்கம். கையில் அரை நாள் மிச்சமிருந்தால் கிழக்கே ஷேக்கர் ஹைட்ஸ் வரை போய்வாருங்கள். வசதிபடைத்தவர்களுக்கென்று திட்டம் போட்டுக் கட்டிய புறநகர் எப்படி இருக்கும் என்று அங்கே தெரிந்துகொள்ளலாம்.

கார் தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து சிவப்புத் தட ரயிலில் டவர் சிட்டி வந்து, நீலம் அல்லது பச்சைத் தடத்துக்கு மாறுங்கள். ஊரை உருவாக்கியதே இந்த ரயில்தான். ஓரிஸ், மான்டிஸ் என்ற வான் ஸ்வெரிங்கன் சகோதரர்கள் மனை வியாபாரிகள். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1912இல் தனிக் கிராமமான இந்த மேட்டு நிலத்தில் மனை விற்க வேண்டுமானால், நகருக்குப் போய்வர வண்டி வேண்டுமே! அதற்கு வழி கிடைக்க 1916இல் நிக்கல் பிளேட் ரயில்வேயையே வாங்கிப்போட்டார்கள். 1920இல் ரயில் ஓடியது. நீங்கள் ஏறுகிற நிலையத்தின் மேல் நிற்கும் 52 மாடி டெர்மினல் டவரும் அவர்கள் எழுப்பியதுதான். பெருமந்தத்தில் எல்லாம் கைநழுவ, 1935இல் ஒருவர், 1936இல் மற்றவர் என்று போய்ச்சேர்ந்தார்கள்.

ஷேக்கர் சதுக்கத்தைத் தாண்டியதும் தடங்கள் பிரியும். பச்சைத் தடம் ஏரிகள் இருக்கும் பக்கம் போகிறது. 1822இல் இங்கே குடியேறிய ஷேக்கர் சமயத்தார் டோன் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரிகள் அவை. பிரம்மச்சரியமும் பொதுச்சொத்தும் அவர்கள் கொள்கை. 1889இல் குடியிருப்பே கலைந்துவிட்டது. தனிச்சொத்து கூடாது என்றவர்களின் பெயரைத் தாங்கி மனை விலை ஏறியதை என்னவென்று சொல்ல! 1960களில் ஏரிகளின் குறுக்கே விரைவுச்சாலை போட அரசு முனைந்தபோது, தோட்டக் கழகப் பெண்கள் திரண்டு தடுத்தார்கள். அந்த முயற்சியில் 1966இல் தொடங்கிய இயற்கை மையத்தின் மரப்பலகைப் பாதையில் நிதானமாக நடக்கலாம். ஹார்ஸ்ஷூ ஏரியைத் தேடிப் போகவேண்டாம். அணை பழுதானதால் தண்ணீரை வடித்துவிட்டார்கள்.

நேரம் குறைவென்றால் ஏரிகளை விட்டுவிட்டு நீலத் தடத்தில் போங்கள். லீ சாலையில் இறங்கி வின்ஸ்லோ சாலைக்கு நடந்தால் வரிசையாக வீடுகள். ஒவ்வொன்றும் ஒரே குடும்பத்தின் பெரிய வீடு போலிருக்கும். உண்மையில் பல வீடுகளில் மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். வாடகைக்குக் குடியிருப்பது தெருவுக்குத் தெரியக்கூடாது என்று வாசலை ஒன்றாகக் காட்டியிருக்கிறார்கள். குப்பையும் அப்படித்தான்: தெருவோரத்தில் தொட்டி வைக்கிற வழக்கமில்லாமல், சிறு வண்டிகள் கொல்லைப்புறம் வரை போய் அள்ளிவந்த ஊர் இது. இங்கே வளர்ந்த செலஸ்ட் இங், தன் ‘லிட்டில் ஃபயர்ஸ் எவ்ரிவேர்’ நாவலை (2017) இந்தத் தெருக்களில்தான் நடத்துகிறார்.

மறைத்ததில் கசப்பானது பத்திரத்தில் இருந்தது. வீட்டை விற்க வான் ஸ்வெரிங்கன் கம்பெனியோ அக்கம்பக்கத்தாரோ சம்மதிக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் காட்டி யூதர்களையும் கறுப்பினத்தவரையும் வெளியே நிறுத்தினார்கள். 1956இல் லட்லோ பகுதியில் கறுப்பின வழக்கறிஞர் ஒருவர் கட்டிவந்த வீட்டின் கராஜில் குண்டு வெடித்தது. அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு இந்த ஊரின் மேல் மதிப்பைத் தந்தது. மறுவருடமே வெள்ளையரும் கறுப்பினத்தவருமாகச் சேர்ந்து லட்லோ சங்கம் அமைத்தார்கள். வெள்ளையர் வீட்டை விற்றுவிட்டு ஓடாமலிருக்கவும், புதிதாக வருகிறவர்களில் வெள்ளையரும் இருக்கவும் வீடுவீடாகப் பேசினார்கள். வீடு வாங்கக் கடன் உதவியும் செய்தார்கள். ஷேக்கர் வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகம் சவுத் பார்க் புல்வார்டில் இருக்கிறது. திறந்திருக்கும் நாளை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் மரங்கள் நிறம் மாறும்போது போவது உத்தமம். டிசம்பர் வந்தால் ஏரிக்காற்று பனியைக் கொட்டும். வீடுகளைப் படமெடுக்கலாம், நடைபாதையில் நின்றபடி. பசித்தால் நீலத் தடத்தின் கடைசி நிறுத்தத்தில் இறங்குங்கள். வான் ஏக்கன் டிஸ்ட்ரிக்டில் உணவுக்கடைகள் நிறைய.