ஹாலந்தில் மவ்த்தானவரின் சொத்து யாருக்கு?

மகனோ மருமகனோ ஹாலந்தில் உத்தியோகம் பார்க்கும் குடும்பங்கள் இன்று நம் ஊர்களிலும் இருக்கின்றன. அங்கேயே வீடு வாங்கித் தங்கிவிட்ட ஒருவர் திடீரென மவ்த்தாகிவிட்டால் அவருடைய பொருளைப் பங்கிடுவது யார்? “நாம் முஸ்லிம்கள், ஃபராயிழ் முறைப்படிதானே பங்காகும்” என்று பலரும் எண்ணியிருக்கிறார்கள். அப்படியல்ல. முஸ்லிம்களுக்கெனத் தனி வாரிசுச் சட்டம் அந்நாட்டில் கிடையாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஜனாஸாச் செலவும் கடன்களும் போக, மய்யித்துக்கே சொந்தமான பொருள் 1,44,000 யூரோ மிஞ்சுகிறது. மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். அந்நிஸா அத்தியாயம் 11, 12ஆம் வசனங்களின்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, 18,000. தாய்க்கு ஆறில் ஒன்று, 24,000. மீதியில் மகனுக்கு 68,000, மகளுக்கு 34,000.

2003 ஜனவரி முதல் அமுலிலுள்ள டச்சுச் சட்டமோ, உயில் இல்லாதபோது மனைவிக்கும் இரு பிள்ளைகளுக்கும் சமமாக ஆளுக்கு 48,000 என்கிறது. அதிலும் சொத்து முழுவதும் மனைவியின் கைக்குப் போகும். பிள்ளைகளுக்குத் தாயிடமிருந்து வரவேண்டிய கடனாகவே அது நிற்கும். பெரும்பாலும் தாயின் மவ்த்துக்குப் பின்னரே கேட்க முடியும். மய்யித்தைப் பெற்ற தாய்க்கு ஒரு காசும் இல்லை. மகன் அனுப்பும் பணத்தில் ஊரில் காலந்தள்ளும் தாயின் கதி என்ன? அந்நாட்டில் நிகாஹ் மட்டும் ஓதி, நகராட்சியில் சட்டப்படி மணம் முடிக்காத மனைவிக்கும் இதே நிலைதான்.

எழுதி வைப்பதே இதற்கு வழி. வஸிய்யத் செய்யவேண்டிய பொருளுள்ளவர் அதை எழுதாமல் இரண்டு இரவுகள்கூடக் கழிக்கலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தது புகாரியில் பதிவாகியுள்ளது.

“வாரிசுக்கு வஸிய்யத் இல்லையே?” என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு வாரிசுக்கு அவர் பங்குக்கு மேல் கொடுப்பதற்குத்தான் அந்தத் தடை. அவரவர் பங்கு அவரவருக்குச் சேர எழுதுவது அதில் அடங்காது. பள்ளிவாசலுக்கோ வாரிசல்லாத உறவினருக்கோ கொடுக்க விரும்பினால் மூன்றில் ஒன்றுக்கு மேற்படக் கூடாது.

2015 ஆகஸ்ட் 17 முதல் ஐரோப்பிய விதிப்படி, ஒருவர் வழக்கமாகக் குடியிருந்த நாட்டின் சட்டமே அவர் சொத்துக்குப் பொருந்தும். ஆனால் தம் குடியுரிமை நாட்டின் சட்டத்தை உயிலில் தேர்ந்தெடுக்கலாம். இந்தியக் குடியுரிமையுள்ள முஸ்லிம் இந்தியச் சட்டத்தைத் தேர்ந்தால், 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் அவருக்குத் துணை நிற்கும். மகளுக்குக் குறைவு என்ற ஆட்சேபம் அங்குள்ள நீதிமன்றத்தில் எழவும் கூடும். டச்சுக் குடியுரிமை பெற்று இந்தியக் குடியுரிமையை இழந்தபின் இப்படிப் புதிதாகத் தேர்ந்தெடுக்க முடியாது.

அவர்கள் டச்சுச் சட்டத்துக்குள்ளேயே ஃபராயிழ் பங்குகளை உயிலாக எழுதலாம். ஆனால் எந்தப் பிள்ளையும் தன் சட்டப் பங்கில் பாதியை, 5 ஆண்டுகளுக்குள் பணமாகக் கேட்க உரிமை உண்டு. நம் உதாரணத்தில் அது 24,000. மகளின் ஷரீஅத் பங்கே 34,000. ஆகவே தகராறில்லை. ஆனால் தாய், தந்தை, மனைவி, மூன்று மகன்கள், ஒரு மகள் என்றிருந்தால் மகளுக்கு வருவது 168இல் 13 பங்குதான். சட்டம் காக்கும் பங்கோ பத்தில் ஒன்று. அவள் கேட்டால் குறைவதைக் கொடுத்தாக வேண்டும். இதை முன்கூட்டியே குடும்பத்தில் பேசிவிடுவது நல்லது.

வெள்ளைத்தாளில் எழுதி இரு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கினால் போதாது. உயில் நோட்டரி மூலமே ஆகவேண்டும். (அங்கே நோட்டரி என்பவர் நம் ஊரைப்போல் முத்திரை குத்தித் தருபவரல்லர்; பத்திரத்தைத் தாமே தயாரிக்கும் சட்டம் படித்தவர்.) துணிமணி, நகை, வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் தம் கையால் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திட்ட கடிதம் செல்லும். பணத்துக்கும் வீட்டுக்கும் செல்லாது.

நோட்டரியிடம் போகுமுன் ஃபராயிழ் தெரிந்த ஓர் ஆலிமிடம் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிறப்பு, இறப்பு, தலாக் நேர்ந்தால் பங்குகள் மாறும்; உயிலையும் மாற்றி எழுதவேண்டும். எந்த நோட்டரியிடம் உயில் உள்ளது என்பது அந்நாட்டின் மத்திய உயில் பதிவேட்டில் குறிக்கப்படும். மவ்த்துக்குப் பின் வாரிசுகள் அங்கே விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.