வள்ளி கேட்ட கேள்வி

அன்புள்ள தம்பிக்கு,

சித்திரைத் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகத்தில் நீ நாரதர் கட்டிய ராத்திரி நானும் கூட்டத்தில்தான் இருந்தேன். மைக்செட் பையன் பக்கத்தில், வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் போட்டு விடியும்வரை பார்த்தேன். காலையில் அரிதாரம்கூடக் கலைக்காமல் வந்து காலைத் தொட்டு, "எப்படி மாமா இருந்துச்சு?" என்று கேட்டாய். "நல்லா இருந்துச்சுப்பா" என்றேன். அது பாதி உண்மைதான். உன்னோடு போட்டோ எடுக்கப் பையன்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். மீதியைச் சொல்ல அது நேரமாகத் தெரியவில்லை.

குரலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கீழே இறங்கினாலும் தேயாத குரல் உனக்கு. சிப்ளாக்கட்டையைக் கையில் எடுத்து நீ மேடைக்கு வந்தபோது, பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்த கிழவிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். முப்பத்தைந்து வருஷம் இதே மேடைகளில் நின்றவன் சொல்கிறேன், அது எல்லோருக்கும் வாய்க்காது.

ஆனால் தர்க்கத்தில் வள்ளி உன்னிடம் ஒரு கேள்வி கேட்டாள், நினைவிருக்கிறதா? "கல்யாணமே கட்டாத பிரம்மச்சாரி நீங்க. கல்யாணத்தோட அருமைய எனக்குச் சொல்ல எப்படி வந்தீங்க?" என்றாள். எத்தனையோ வள்ளிகளோடு நின்றிருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. அந்தப் பெண்ணுக்கு அந்த நிமிஷத்தில் தோன்றியது அது. நீ என்ன செய்தாய்? ஆர்மோனியக்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாய். செல்போனில் ஊரெல்லாம் ஓடுகிறதே, அந்தப் பாட்டை எடுத்தாய். பத்து நிமிஷம். கூட்டம் விசிலடித்தது, மேடையேறி ரூபாய் நோட்டைக் குத்தினார்கள். அவள் கவணை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனது சரியில்லை.

நம் தொழிலை மற்ற நாடகத்தோடு சேர்த்துப் பார்க்காதே. அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனியில் பையன்கள் ஒரே வீட்டில் தங்கி, ஒரே வாத்தியாரிடம் அடிவாங்கி, மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து ஏறினார்கள். நமக்கு அது கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர். மிருதங்கக்காரர் பஸ் பிடித்து வந்து சேர்கிறாரோ இல்லையோ என்று வேறு பயம். தனித்தனியாக வெற்றிலைபாக்கு வாங்கி, ராத்திரி பத்து மணிக்கு ஒரே மேடையில் சந்திக்கிறோம். அதனால்தான் ஸ்பெஷல் நாடகம் என்று பேர். சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார். அவர் எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் எல்லோருக்கும் பாடம் என்பதால்தான் முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து விடிய விடிய ஆட முடிகிறது. பாட்டு அவருடையது. இடையில் வருகிற பேச்சு நம்முடையது. எதிரில் நிற்பவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரியாமல் நிற்கிறோமே, அதுதான் நம் வித்தை. ஒத்திகை இல்லாத நமக்கு அந்த இடத்தைக் காதுதான் நிரப்ப வேண்டும்.

நாடக மேடையில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் போட்டி போட்டுப் பாடினார்கள் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். 1933இல் கிட்டப்பா போனபோது அவருக்கு வயது 27. அதற்குள் அந்தப் பேரும் புகழும். ஆனால் யோசித்துப் பார், எதிராளி விட்ட இடம் காதில் விழாமல் போட்டி ஏது?

நான் முதன்முதல் சத்தியவான் கட்டியபோது எமன் வருவதற்கு முன்பே பாட்டு மறந்துவிட்டது. தொண்டை வறண்டு நின்றேன். சாவித்திரியாக நின்ற அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன். "சுவாமி, களைத்திருக்கிறீர்கள், என் மடியில் தலை வையுங்கள்" என்று சொல்லி, என் பாட்டின் முதல் அடியைத் தன் பேச்சாக மாற்றி என் காதுக்கருகில் சொன்னார். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. அந்த அக்கா என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார், தம்பி. பாட்டு வராது என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கும் நல்ல காலம் வந்தது. நோட்டீசில் என் படம்தான் பெரிதாகப் போடுவார்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் ஒருநாள்கூடக் காலியாக இருக்காது. சினிமாவில் ஒரு வேஷம் என்று கூப்பிட்டார்கள், சென்னையில் எட்டு நாள் காத்திருந்தேன், எடுத்தார்கள், படத்தில் இல்லை. அதை விடு. சொல்ல வந்தது வீட்டைப் பற்றி. விடிந்து ஏழு மணிக்கு வீடு வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். அப்பா தூங்குகிறார் என்று என் மகள் நாலு வயதிலேயே நுனிக்காலில் நடக்கப் பழகிவிட்டாள். பாத்திரம் வைத்தால் சத்தம் வராது. கதவு சாத்தினால் சத்தம் வராது. அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், இன்னும் மெதுவாகத்தான் பேசுகிறாள். என்னோடு பேசும்போது மட்டும். ஊர் ஊராகப் போய் மூவாயிரம் பேரைக் கேட்க வைத்தவன் அந்தப் பிள்ளை பேசிக் கேட்கவில்லை. பேர் வந்தால் முதலில் மந்தமாவது காதுதான். எல்லோரும் நம்மைக் கேட்க வருகிறார்கள், நாம் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது.

சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றிச் சொல்வார்களே, சனீசுவரன் வேஷத்தைக் கலைக்க விடியற்காலையில் குளக்கரைக்குப் போனார், எதிரே வந்த கர்ப்பிணிப் பெண் பார்த்து மிரண்டு விழுந்து உயிரை விட்டாள், அதோடு வேஷம் கட்டுவதையே அவர் நிறுத்தினார் என்று. சின்ன வயதில் அதை நடிப்பின் வலிமைக்குச் சான்றாகச் சொல்லிக்கொண்டு திரிவேன். இப்போது அந்தக் குளக்கரையில் நின்ற மனுஷனைத்தான் நினைக்கிறேன். விடியலில் எதிரே வந்த ஒருத்திக்காக ராத்திரியின் கைத்தட்டல் முழுவதையும் விட்டாரே.

2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது. திருவிழா இல்லை, நாடகம் இல்லை. வாங்கிய அட்வான்சைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தேன். பிறகு நூறு நாள் வேலைக்குக் கண்மாய் வெட்டப் போனேன். என்னோடு மண் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். முதல் இரண்டு நாள் "நாரதர் வந்திருக்காரு" என்றார்கள், மூன்றாம் நாள் அதுவும் நின்றுவிட்டது. புளியமரத்தடியில் கஞ்சி குடிக்கும்போது பேசுவார்கள். மாமியார் கதை, நகை அடகு வைத்த கதை, வந்த சம்பந்தத்தை ஏன் வேண்டாம் என்றேன் என்கிற கதை. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி எங்கே மடக்குகிறாள், எங்கே விட்டுக்கொடுக்கிறாள், கேட்டுக்கொண்டே இருந்தேன். தினைப்புனத்து வள்ளி எப்படிப் பேசியிருப்பாள் என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது. அதற்குப் பிறகு நான் கட்டிய நாரதர் கொஞ்சம்தான். அவைதான் நான் நன்றாகக் கட்டியவை.

சில்லறைக் காரியங்கள் சில உண்டு. மேடைக்குப் போகும் முன் ஆர்மோனியக்காரரிடம் உட்கார்ந்து, உன் கட்டையோடு வள்ளியின் கட்டையையும் கேட்டுக்கொள். அவள் சுருதியில் உனக்கு எட்டாத இடத்தில் கத்தாதே, பேசிவிடு, தொண்டை மிஞ்சும். சித்திரையில் வருகிற பணத்தில் ஐப்பசிக்கு அரிசி வாங்கி வை. கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்துவிட்டாயா? கீழேயிருந்து எவனாவது ஸ்திரீபார்ட்டைப் பார்த்துத் தப்பாகச் சத்தம் கொடுத்தால், பாட்டை நிறுத்தி நீதான் கேட்க வேண்டும், அவள் கேட்கும்படி விடாதே. விடிந்ததும் அவளை வேனில் ஏற்றிவிட்டுப் பிறகு போட்டோவுக்கு நில். முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போ.

ஐப்பசியில் உனக்குத் தேதி இருக்காது. மழை விட்ட ஒரு நாள் வந்துவிட்டுப் போ. அத்தை மீன் குழம்பு வைப்பாள். பக்கத்துத் தெருவில் பழைய ஆர்மோனியக்காரர் இருக்கிறார், ஆனால் அவரைக் கூப்பிடப் போவதில்லை. திண்ணையில் நான் வள்ளியாக உட்கார்ந்து, அந்தப் பெண் கேட்ட அதே கேள்வியைக் கேட்பேன். பாட்டு எடுக்காமல் பதில் சொல்லு. எவ்வளவு நேரமானாலும் சரி.

அன்புடன்,
மாமா