ஐ.சி.யில் இருக்கும் முகவரி

போன மாத வகுப்பில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, நாம இந்து, தமிழர்னு பேசுறது சரி. அதுக்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம்?" அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை.

2007 அக்டோபர் 30-இல் ஷா ஆலம், பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லை. நவம்பர் 25-இல் ஹிண்ட்ராஃப் அழைத்ததும் ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூர் வீதியில் இறங்கினார்கள். கண்ணீர்ப் புகை, நீர் பீய்ச்சல் எல்லாம் நடந்தது. எனக்கு அப்போ நாலு வயசு. அப்பா சொல்லித்தான் தெரியும். டிசம்பரில் ஐந்து தலைவர்கள் இசா சட்டத்தில் கமுந்திங் போனார்கள். அவர்களில் ஒருவரான மனோகரன், 2008 மார்ச் 8 தேர்தலில், தடுப்புக் காவலில் இருந்தபடியே நம்ம கிள்ளான் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தார்.

இதை எல்லாரும் பெருமையாகச் சொல்வோம். ஆனால் அந்தத் தொகுதியில் நாம் பெரும்பான்மை இல்லை. நாட்டில் எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் இல்லை. அடையாளம் நம்மை வீட்டை விட்டு வெளியே கொண்டு வந்தது, சரி. ஜெயிக்க வைத்ததில் பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டும் இருக்கிறது. கோயில் பிரச்சினையை அவருக்குப் புரியும்படி சொல்லத் தெரியுமா நமக்கு? எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

இப்போது 18 வயதானால் போதும், பதிவு தானாகவே நடக்கும். 2021 டிசம்பர் 15 முதல் இதுதான் சட்டம். 2018-இல் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர்கள், 2022-இல் 2 கோடியே 11 லட்சம் ஆனார்கள். ஆனால் பதிவு ஐ.சி. முகவரிப்படி. பிரிக்பீல்ட்ஸில் என்னோடு தங்கியிருக்கும் நண்பன் ஐ.சி.யில் பேராக் தோட்டத்து முகவரி. குடும்பம் அங்கிருந்து எப்போதோ காலி செய்துவிட்டது. 2022 நவம்பர் 19, அவனுக்கு முதல் ஓட்டு. போகவில்லை. தைப்பூசத்துக்கு மட்டும் விடியற்காலை மூணு மணிக்குப் பத்துமலைக்கு நடப்பான்!

கோலாலம்பூரில் சட்டமன்றமே கிடையாது. டத்தோ பண்டாரை நாம் தேர்ந்தெடுப்பதும் இல்லை. ஊராட்சித் தேர்தல் 1965-லேயே நிறுத்தப்பட்டது. அதனால் இங்கே குடியிருப்பவர் கையில் இருப்பது நாடாளுமன்ற ஓட்டு ஒன்றுதான். அதையும் பழைய ஊரில் விட்டுவிட்டு வந்தால் எப்படி?

முதலில் தேசியப் பதிவிலாகாவில் ஐ.சி. முகவரியை மாற்ற வேண்டும். அதோடு ஓட்டு தானாக மாறிவிடாது. தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நண்பன் முதல் வேலையை முடித்துவிட்டான். அடுத்த வகுப்புக்கு எல்லாரும் ஐ.சி. எடுத்துட்டு வாங்க, உட்கார்ந்து பார்ப்போம்.