பரணில் கிடக்கும் பழசுக்கு என்ன விலை?

வீடு மாற்றும்போதும் பாகம் பிரிக்கும்போதும்தான் பழைய பொருள்கள் அவசரமாகக் கைமாறுகின்றன. நல்ல பொருள் எடைக்குப் போய்விடும். சாதாரணப் பொருளுக்கோ லட்சம் கிடைக்கும் என்று நம்பிக் கைப்பணத்தையும் இழப்போம். பரணைக் காலி செய்யும் முன் இவற்றைப் படித்துவிடுங்கள்.

1. வயதை வைத்து விலை சொல்லாதீர்கள். உலகின் முதல் அஞ்சல்தலையான 'பென்னி பிளாக்' 1840இல் பிரிட்டனில் வந்தது. சுமார் 6 கோடியே 80 லட்சம் அச்சடித்தார்கள். அதனால் இன்றும் அது கிடைக்காத பொருளல்ல. அதற்கு நூறாண்டுக்கும் மேல் இளையது, 1948இல் நம் நாட்டில் வந்த காந்தி 10 ரூபாய்த் தலை. அதில் 'சர்வீஸ்' என்று மேலச்சிட்டவை நூறுதான். அவற்றில் நான்கு ஒட்டியிருந்த ஒரு துண்டு 2017இல் 5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. எத்தனை வெளிவந்தன, எத்தனை மிஞ்சின, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற மூன்றையும் பொறுத்ததுதான் விலை.

2. வெள்ளி ரூபாய்க்கு முதலில் உலோகக் கணக்குப் போடுங்கள். விக்டோரியா ராணி காலத்திலிருந்து 1939 வரையிலான ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 11.66 கிராம். அதில் சுமார் 10.7 கிராம் வெள்ளி. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947 ரூபாய் முழுக்க நிக்கல். வெள்ளியின் எடையை விற்கும் நாளின் வெள்ளி விலையால் பெருக்கினால் வருவது அடிவிலை. அதற்குக் கீழே எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அடிவிலைக்கு மேலே போகும் ஆண்டுகளும் உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட 1911 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். மன்னரின் அங்கியில் இருந்த யானை, பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. வெளியே விடாமல் இருந்தவற்றை உருக்கிவிட்டு, மறு ஆண்டு யானையைத் திருத்தி அச்சிட்டார்கள். தப்பிய நாணயங்களுக்குச் சேகரிப்பாளர்களிடம் இன்றும் மதிப்பு உண்டு.

3. நாணயத்தைப் புளி போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், விலை போய்விடும். சேகரிப்பவர் தேடுவது காலத்தால் படிந்த அந்த நிறத்தையும் தேயாத எழுத்தையும்தான். பழைய நோட்டை லேமினேட் செய்வதும், அஞ்சல்தலையைப் பசை போட்டு ஒட்டுவதும் இதே கேடுதான். முத்திரை தெளிவாக விழுந்த பழைய உறை இருந்தால் தலையைக் கத்தரிக்காமல் உறையோடு வையுங்கள்.

4. இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. எந்தப் பொருளுக்கும் எத்தனை லட்சம் வேண்டுமானாலும் கேட்கலாம். ஏலத்தில் முடிந்த விலை என்ன என்று பாருங்கள்.

5. ஹெச்.எம்.டி. கைக்கடிகாரத்தைக் குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள். 1961இல் தொடங்கி, நடுத்தரக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் விற்றவை அவை. 2016இல் உற்பத்திக்கு முடிவு கட்டியபின், சாவி கொடுக்கும் 'ஜனதா', 'பைலட்' வகைகளைத் தேடி வாங்கும் கூட்டம் பெருகிவிட்டது. ஆனால் முகப்புக்குப் புதிதாக வண்ணம் பூசியவையும் சந்தையில் நிறைய. ஆகவே, மங்கியிருந்தாலும் தாத்தா கட்டிய அதே முகப்பே உயர்ந்தது. மாற்றாதீர்கள். பெட்டியும் ரசீதும் இருந்தால் கூடுதல் பலம்.

6. "உங்கள் பழைய 5 ரூபாய்க்குப் பல லட்சம், முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்று யாராவது ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொன்னால் பேச்சைத் துண்டியுங்கள். பழைய நாணயம், நோட்டு விற்பனையில் தான் ஈடுபடுவதில்லை, கமிஷனும் கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை இன்றே சொல்லிவையுங்கள்.



7. பித்தளை அண்டா, குத்துவிளக்கு, பீங்கான் பூசிய அடுக்கு, ரவி வர்மா அச்சுப்படம் போன்றவற்றை எடைக்குப் போடும் முன், பழம்பொருள் கடைக்காரர் இருவரிடமாவது காட்டுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இதற்கென்றே வரிசையாகக் கடைகள் உண்டு. படத்தைச் சட்டத்திலிருந்து பிரிக்காமல் கொண்டுபோங்கள்.

8. சிலை, சிற்பம், ஓவியம், நாணயம் போன்றவை நூறு ஆண்டைத் தாண்டியிருந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். சுவடிகளுக்கு 75 ஆண்டே போதும். தொல்பொருள் வணிகத்துக்கு உரிமம் வேண்டும்; தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. துபாயில் இருக்கும் மகனுக்குப் பூஜையறைச் சிலையைக் கொடுத்தனுப்ப நினைத்தால், பெட்டியில் வைப்பதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் காட்டி, அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள்.