தம்பியின் பங்கு

அன்புள்ள மருமகளுக்கு,

அக்கா போனில் சொன்னாள். வாடகை வீட்டையும் பேங்க் டெபாசிட்டையும் உன் பேருக்கே செட்டில்மென்ட் எழுதிவிட மச்சான் முடிவு செய்திருக்கிறாராம். "தம்பியை அவள் கைவிடவா போகிறாள்?" என்று கேட்டாராம். நீ கைவிடமாட்டாய். ஆனாலும் அந்தப் பத்திரத்துக்குச் சம்மதிக்காதே.

உன் பேருக்கு வந்த நிமிஷமே அது உன் சொத்து. நாளைக்கு மாப்பிள்ளை தொழிலுக்காக நீ ஜாமீன் கையெழுத்துப் போட்டு, கடன் நின்றுபோனால், பேங்க் அந்த வீட்டின்மேல் கைவைக்கும். உனக்கு ஏதாவது ஆனால் (எழுதவே மனசு வரவில்லை) வீடு உன் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அறிவுத்திறன் குறைபாடுள்ள தம்பி பேருக்கே எழுதலாமென்றால், பிரியாணி வாங்கிக் கொடுத்து ரேகை வைக்கச் சொல்ல நம் சொந்தத்திலேயே ஆள் உண்டு.

மச்சான் அவனுக்காக ஒரு பிரைவேட் டிரஸ்ட் எழுதட்டும். 1882-ஆம் வருஷ இந்திய டிரஸ்ட் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. சொத்து டிரஸ்டிகள் பேரில் நிற்கும், பலன் தம்பிக்கு. டிரஸ்டியின் சொந்தக் கடனுக்கு அதை ஜப்தி செய்ய முடியாது. வீடு இருப்பதால் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அல்லது உயிலிலேயே டிரஸ்டை ஏற்படுத்தலாம். என் ஓட்டு உயிலுக்கு. மச்சான் உள்ளவரை எல்லாம் அவர் கையிலேயே இருக்கும். தன்னை நம்பி வாழும் உறவுக்காக மட்டும் உயிலில் எழுதும் ஒரே டிரஸ்டுக்கு, வருமான வரியும் உச்ச விகிதத்தில் இல்லாமல் சாதாரண ஸ்லாபிலேயே வரும்.

பலர் கோட்டைவிடும் இடம் வேறு. தம்பி காலத்துக்குப் பிறகு மிச்சம் யாருக்கு? உனக்கென்று எழுதி, நீயே ஒரே டிரஸ்டியாகவும் இருந்தால், அவனுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் உன் பங்கில் குறையும். நீ அப்படிக் கணக்குப் பார்க்கமாட்டாய். உனக்குப் பிறகு வருகிறவர்? பல் வைத்தியமும் பிசியோதெரபியும் அவருக்குத் தண்டச் செலவாகத் தெரியும். அதனால் மிச்சத்தில் பங்கில்லாத வெளியாள் ஒருவரும் உன்னோடு டிரஸ்டியாக இருக்கட்டும். இருவர் கையெழுத்தில்லாமல் பணம் எடுக்க முடியாதென்றும், ஒருவர் விலகினால் அடுத்து யார் என்றும் எழுதச் சொல். 'பராமரிப்பு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். அவனுக்குப் பிடித்த ரயில் பயணம்வரை எழுத்தில் வரட்டும்.

இன்னொன்று. டிரஸ்ட் சொத்தைத்தான் பார்க்கும். அவனுக்காகக் கையெழுத்திட கார்டியன் வேண்டும். 18 வயது தாண்டிவிட்டால் பெற்றவர்களும் தானாகக் கார்டியன் ஆகமாட்டார்கள். 1999-ஆம் வருஷ நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் மனுப் போடுங்கள். கார்டியன் ஆனவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், பிறகு வருஷா வருஷம் கணக்கும் கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான்.

கடிதத்தை மச்சானிடம் காட்டு. பதிவுக்கு நாள் பார்க்கும் முன் ஒரு வக்கீலையும் ஆடிட்டரையும் பார்க்கச் சொல். செட்டில்மென்ட் பதிவாகிவிட்டால், பிறகு அவரே நினைத்தாலும் அதை லேசில் ரத்து செய்ய முடியாது.

அன்புடன்,
மாமா