மென்மையான சருமத்துக்கு வீட்டிலேயே மூலிகை சோப்பு

குளித்து முடித்ததும் தோல் இழுத்துப் பிடிக்கிறதா, அரிக்கிறதா? கடையில் சோப்பு மாற்றி மாற்றி அலுத்தவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். சோப்பை மென்மையாக்குவதில் மூலிகைக்குப் பங்கு கொஞ்சம்தான். அளவுக்கும் பொறுமைக்கும்தான் பெரும்பங்கு.

1. ஆவாரம்பூ, வேப்பிலை எதுவானாலும் நிழலில் காயவைத்து, கையில் நொறுங்கும் பதத்தில் எடுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் கெடும். முதல் தடவை ஒரே ஒரு மூலிகை போதும். ஒத்துக்கொள்ளாவிட்டால் எதனால் என்று தெரிய வேண்டுமே!

2. 300 கிராம் நல்லெண்ணெயில் ஒரு கைப்பிடி மூலிகையைப் போட்டு, அந்தப் பாத்திரத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, சிறு தீயில் 2 மணி நேரம் விடுங்கள். மூலிகை பொரியக் கூடாது. ஆறியதும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள்.

3. அளவு: வடித்த மூலிகை எண்ணெய் 250 கிராம், தேங்காய் எண்ணெய் 200, விளக்கெண்ணெய் 50, காஸ்டிக் சோடா 70, தண்ணீர் 150 கிராம். டம்ளர், கரண்டிக் கணக்கு இதற்கு உதவாது. டிஜிட்டல் தராசு கட்டாயம். இந்த அளவில் எண்ணெயில் சுமார் 8 சதவீதம் சோப்பாக மாறாமல் தங்கிவிடும். தோல் வறளாமல் காப்பது அதுதான். தேங்காய் எண்ணெயை மட்டும் போட்டால் நுரை பொங்கும், தோல் காய்ந்துபோகும். எண்ணெயை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள். 100 கிராம் தேங்காய் எண்ணெய் முழுதும் சோப்பாக மாறச் சுமார் 18 கிராம் காஸ்டிக் சோடா தேவை. நல்லெண்ணெய்க்கு 13 கிராம் சொச்சம்தான்.

4. காஸ்டிக் சோடா தோலைப் பொசுக்கிவிடும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள்; பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரமாகப் பார்த்து, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் சீறித் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. அலுமினியம் கூடவே கூடாது. மேலே பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

5. சோடாத் தண்ணீரும் எண்ணெயும் கைபொறுக்கும் சூட்டுக்கு, சுமார் 40 டிகிரிக்கு, ஆறட்டும். சூட்டைப் பாத்திரத்தின் வெளிப்புறம் தொட்டுப் பாருங்கள். பிறகு எண்ணெயில் சோடாத் தண்ணீரை ஊற்றி, கை பிளெண்டரால் விட்டுவிட்டு அடியுங்கள். தோசை மாவுப் பதம் வந்து, மேலே கோடு கிழித்தால் நிற்கும்போது அச்சில் ஊற்றுங்கள். இந்தப் பாத்திரங்களை மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

6. வாசனை எண்ணெய், எலுமிச்சைத் தோல், கிராம்பு, பட்டை, சாயப்பொடி எதுவும் வேண்டாம். சென்சிட்டிவ் சருமத்தைச் சீண்டுவதில் வாசனைப் பொருளுக்குத்தான் முதலிடம்.

7. ஒன்றிரண்டு நாளில் இறுகியதும் துண்டு போட்டு, காற்றாட 6 வாரம் வையுங்கள். நீர் வற்ற வற்ற சோப்பு இறுகும், தோலுக்கும் இதமாகும். வெட்டும்போது உள்ளே வெள்ளைக் கட்டியோ நீரோ தென்பட்டால் சோடா கலக்காமல் நின்றிருக்கிறது என்று பொருள்; அந்தச் சோப்பைத் தேய்க்காதீர்கள். நல்லெண்ணெய் சோப்பு நாளாக நாளாகக் காறும், எனவே ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

8. சோடாவுக்குப் பயந்தால் ரெடிமேட் சோப் பேஸ் வாங்கி உருக்கலாம். அதில் பச்சைக் குப்பைமேனிச் சாறு, கற்றாழைச் சாறு ஊற்றுகிறார்கள். சீக்கிரமே பூஞ்சை பிடித்துவிடும். மூலிகை எண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும்.

9. முதலில் முழங்கையின் உள்பக்கம் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் பாருங்கள். சிவந்தால் விட்டுவிடுங்கள். கரப்பான், புண், வெடிப்பு இருப்பவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் எந்தச் சோப்பையும் சோதித்துப் பார்க்காமல் முதலில் தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.