புரை எடுத்த கண் காலையில் மங்குகிறதா?



கண்ணில் புரை விழுந்தால், மங்கிப்போன லென்சை எடுத்துவிட்டுச் செயற்கை லென்சு வைக்கிறார்கள். 1949-ல் லண்டனில் டாக்டர் ஹெரால்டு ரிட்லி தொடங்கிவைத்த வைத்தியம் இது. பெரும்பாலோருக்கு நல்ல பார்வை வந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் கருவிழிப் படலம் கெட்டுவிடுகிறது.

கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி இருக்கிறதல்லவா, அதுபோலக் கண்ணின் முன்னால் இருப்பது இந்தப் படலம். அதன் உட்புறத்தில் ஒரே அடுக்காகச் சின்னஞ்சிறு உயிரணுக்கள் உண்டு. படலத்தில் ஊறும் நீரை இறைத்து வெளியேற்றுவது இவற்றின் வேலை. பெரியவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 2,500 இருக்கும். செத்தது மீண்டும் முளைக்காது. ஆப்பரேஷனில் கொஞ்சம் சாகத்தான் செய்யும். சுமார் 500-க்கும் கீழே போனால் நீர் தேங்கிப் படலம் வீங்கும்.

அடையாளம் இதுதான்: காலையில் பெரட்டுக்குப் போகும்போது பார்வை பனிமூட்டம் மாதிரி இருக்கும், வெயில் ஏற ஏறத் தெளியும். இரவில் இமை மூடியிருப்பதால் நீர் ஆவியாகாமல் தங்குவதே காரணம். "பத்து மணிக்குச் சரியாயிடுதே" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பிறகு கொப்புளம் கிளம்பிக் கடுமையாக வலிக்கும்.

புரையை முற்றவிடாதீர்கள், இறுகிய புரையை எடுக்கும்போது அணுக்கள் அதிகம் சாகும். ஆப்பரேஷன் ஆன கண்ணைக் கசக்காதீர்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு விடவே கூடாது.

மங்கலோ வலியோ சிவப்போ கண்டால் அன்றே டிரசரிடம் வாருங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவோம். சொட்டு மருந்து உண்டு. அதற்கும் மிஞ்சினால் தானமாகக் கிடைத்த படலத்தை மாற்றி வைக்கவும் வழியுண்டு. ஒருநாள் சம்பளம் போகிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். சம்பளம் மறுபடி வரும். போன அணு வராது.